அஜைல் திட்டங்களில் தேவைகளைத் திரட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாகக் கட்டிக் காட்டும் அஜைல் முறைக்கு வந்த பிறகு, நூறு பக்கத் தேவை ஆவணம் எழுதும் பழக்கத்தைப் பல அணிகள் விட்டுவிட்டன. ஆனால் கேட்கும் முறையை மாற்றவில்லை. முன்பு வேர்ட் கோப்பில் இருந்த வரிகள் இப்போது ஜிரா என்ற வேலைப்பட்டியல் மென்பொருளில் டிக்கெட்டுகளாகக் கிடக்கின்றன. எதை முதலில் கட்டுவது என்று முடிவெடுக்கும் புராடக்ட் ஓனர் தனியாக உட்கார்ந்து எழுதுகிறார், டெவலப்பர் தனியாகப் படித்து ஒரு பொருள் கொள்கிறார், டெஸ்டர் இன்னொரு பொருள் கொள்கிறார். டெமோ அன்று மூன்றும் மோதுகின்றன. ஸ்பிரிண்ட் எனும் குறுகிய வேலைச் சுற்றுகள் வைத்து வேலை செய்தும் "நான் கேட்டது இது இல்லையே" என்ற வாக்கியம் போகாததற்குக் காரணம் இதுதான்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டில் கூடிய 17 பேர் வெளியிட்ட அஜைல் அறிக்கை, தேவைகளை எழுதவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வதற்கு ஒப்பந்தப் பேரத்தைவிட அதிக மதிப்புக் கொடுத்தது. நடைமுறையில் இதற்கு ஒரே பொருள்தான்: தேவை திரட்டுவது முதல் மாதத்தோடு முடிந்துபோகும் கட்டம் அல்ல. மென்பொருள் உயிரோடு இருக்கும்வரை அது நடக்கும். அருகில் இருக்கும் வேலைக்கு நுணுக்கமாக, தூரத்தில் இருப்பதற்கு மேலோட்டமாக.

எல்லாப் படிகளுக்கும் இங்கே ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு டாக்டர்கள் பார்க்கும் ஒரு தனியார் கிளினிக், அதற்கு ஒரு டோக்கன் மென்பொருள். பார்க்கச் சின்ன வேலை, உள்ளே போனால் விதிகள் குவிந்து கிடக்கும்.

படி 1: இலக்கை ஒரு வரியில் பிடியுங்கள்

கிளினிக் உரிமையாளர் "டோக்கன் ஆப் வேணும்" என்றுதான் ஆரம்பிப்பார். அது தீர்வு. அதன் பின்னால் இருக்கும் சிக்கல் என்ன என்று கேளுங்கள். "இது வந்த பிறகு உங்க கிளினிக்ல என்ன மாறியிருக்கணும் சார்?" என்றால் "ஹால்ல கூட்டம் நிக்குது, ரிசப்ஷன்ல சண்டை வருது" என்று உண்மை வெளிவரும்.

அதை அளக்கக்கூடிய வரியாக மாற்றுங்கள். டோக்கன் வாங்கிய நேரத்திலிருந்து டாக்டர் அறைக்குள் நுழையும் நேரம்வரை ஆகும் காத்திருப்பைக் குறைப்பது. எழுதியதோடு நிற்காமல், மென்பொருள் வருவதற்கு முன்பே இப்போதைய நிலையை அளந்துவிடுங்கள். மூன்று நாள், ஒரு காகிதம், இரண்டு பத்தி போதும்: டோக்கன் கொடுத்த நேரம், உள்ளே போன நேரம். இந்த அளவு கையில் இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து மென்பொருள் உதவியதா என்பது வெறும் அபிப்பிராயமாகிவிடும். அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமுக்கு 2020 நவம்பரில் வந்த கையேடு 'புராடக்ட் கோல்' என்ற ஒன்றைச் சேர்த்தது இதற்காகவே. பேக்லாக்கில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், வரும் ஒவ்வொன்றும் அந்த இலக்குக்கு உதவ வேண்டும்.

படி 2: யார் யாரிடம் கேட்பது

பணம் கொடுப்பவரும் மென்பொருளைத் தொடுபவரும் பெரும்பாலும் வேறு ஆட்கள். உரிமையாளரிடம் மட்டும் கேட்டுக் கட்டினால் அவருக்குப் பிடித்த டாஷ்போர்டு கிடைக்கும், ரிசப்ஷனில் பழைய நோட்டு தொடரும்.

நம் கிளினிக்கில் கேட்க வேண்டியவர்கள்: ரிசப்ஷனிஸ்ட், ஒவ்வொரு டாக்டரும், டாக்டர் அறை வாசலில் பெயர் கூப்பிடும் நர்ஸ், பார்மசிக்காரர், மாதக் கணக்குப் பார்ப்பவர், நோயாளி, கூட வரும் அட்டெண்டர். பட்டியலில் யாருமே எழுதாத ஒருவர் உண்டு: காலை 6 மணிக்கே வந்து நிற்பவர்களுக்குத் துண்டுச் சீட்டில் எண் எழுதிக் கொடுக்கும் வாட்ச்மேன். உண்மையான வரிசை அவரிடம்தான் தொடங்குகிறது. எந்த நிறுவனத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் பிடிப்பது உங்கள் வேலை.

ரிசப்ஷனிஸ்டையும் உரிமையாளரையும் ஒரே அறையில் வைத்துக் கேட்காதீர்கள். முதலாளி முன்னால் யாரும் "டாக்டர் தினமும் முக்கால் மணி நேரம் லேட்" என்று சொல்ல மாட்டார்கள். தனித்தனியாகக் கேட்டு, பதில்கள் எங்கே முரண்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். யார் சொல்வது இறுதி முடிவு என்பதையும் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடுங்கள். புராடக்ட் ஓனர் ஒருவர்தான் இருக்க வேண்டும். குழுவாக முடிவெடுக்கும் இடத்தில் முன்னுரிமை என்பதே இருக்காது.

படி 3: முதலில் பாருங்கள், பிறகு கேளுங்கள்

திங்கள் காலை இரண்டு மணி நேரம், ஒரு மாலை இரண்டு மணி நேரம். ரிசப்ஷனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருங்கள். பேசாதீர்கள், உதவாதீர்கள், எழுதுங்கள்.

அவர்கள் கையில் இருக்கும் காகிதங்கள்தான் மிகச் சிறந்த தேவை ஆவணம். டோக்கன் நோட்டின் பத்து பக்கங்களை, அனுமதி வாங்கி, பெயர்களை மறைத்துப் படம் எடுங்கள். ஓரத்தில் இருக்கும் குறிகளைப் பாருங்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரம், சிலவற்றில் வட்டத்துக்குள் ஓர் எழுத்து, சில எண்கள் காலி. நட்சத்திரம் டாக்டருக்குத் தெரிந்தவர், வட்டம் ரிவ்யூவுக்கு வந்தவர், காலி விட்ட எண்கள் போனில் பதிவு செய்பவர்களுக்கு. இந்த மூன்றையும் நேர்காணலில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அது மூச்சு விடுவதுபோல. மென்பொருளில் அது இல்லையென்றால் முதல் நாளே நோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

பார்த்த பிறகு நேர்காணல். ஆளுக்கு 45 நிமிடம் போதும். நீங்கள் இருவராகப் போங்கள், ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. அன்றைக்கே குறிப்பைத் தட்டச்சு செய்துவிடுங்கள். அடுத்த நாள் ஆனால் அவர்கள் சொன்னது போய், நீங்கள் புரிந்துகொண்டது மட்டுமே மிஞ்சும்.

கேள்வி எப்போதும் நடந்த ஒன்றைப் பற்றி இருக்கட்டும். "ஆன்லைன் புக்கிங் இருந்தா யூஸ் பண்ணுவீங்களா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், அதில் தகவலே இல்லை. "டாக்டர் கடைசியா எப்போ பாதியில ஆபரேஷனுக்குக் கிளம்பினார்? அன்னைக்கு உட்கார்ந்திருந்தவங்களை என்ன பண்ணீங்க மேடம்?" என்று கேளுங்கள். பதிலில் குறைந்தது மூன்று தேவைகள் இருக்கும்: வேறு டாக்டருக்கு மாற்றுவது, கட்டிய பணத்தைத் திருப்புவது, நாளைக்கு வருகிறேன் என்பவருக்கு முன்வரிசை கொடுப்பது.

படி 4: ஸ்டோரி மேப்

ஜெஃப் பேட்டன் பரப்பிய முறை இது. தட்டையான பேக்லாக்கில் எண்பது டிக்கெட்டுகள் இருந்தால் யாருக்கும் முழு உருவம் தெரியாது. மேப் போட்டால் தெரியும்.

ஒரு சுவரும் ஒட்டும் தாள்களும் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசையில், இடமிருந்து வலமாக, நோயாளி கடந்துபோகும் கட்டங்கள்: டோக்கன் கேட்பது, பதிவு, காத்திருப்பு, டாக்டரைப் பார்ப்பது, கட்டணம், மருந்து, ரிவ்யூ. ஒவ்வொன்றின் கீழும் அந்தக் கட்டத்தில் நடக்கும் சிறு வேலைகள். அவசியமானவை மேலே, இருந்தால் நல்லது என்பவை கீழே.

பிறகு கிடைமட்டமாக ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பது முதல் வெளியீடு. அது ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, மெலிதாகவாவது, முழுப் பாதையையும் தொட வேண்டும். நம் கிளினிக்குக்கு: ஒரே டாக்டர், நேரில் வருபவர்கள் மட்டும், ரிசப்ஷனிஸ்ட் பெயரைத் தட்டுகிறார், ஹாலில் உள்ள டிவியில் எண் தெரிகிறது, கட்டணம் வாங்கியதை ஒரு டிக் செய்கிறார், ரிவ்யூ தேதியைக் குறிக்கிறார். எஸ்எம்எஸ் இல்லை, ஆன்லைன் பேமெண்ட் இல்லை, டாக்டருக்குத் தனித் திரை இல்லை. பதிவுத் திரையை மட்டும் முழு அழகோடு முதல் வெளியீடாகக் கொடுப்பது வழக்கமான தவறு. நோயாளி விவரம் முழுக்க உள்ளே போகும், வரிசை மட்டும் நோட்டிலேயே நடக்கும்.

படி 5: யூசர் ஸ்டோரி எழுதுவது

பயனரின் ஒரு தேவையைச் சில வரிகளில் சொல்லும் யூசர் ஸ்டோரி, 1990களின் இறுதியில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற அஜைல் முறையில் பிறந்தது. அதற்கு மூன்று அங்கம் உண்டு என்று 2001இல் ரான் ஜெஃப்ரிஸ் வரையறுத்தார்: அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல். இன்று பல அணிகளில் அட்டை மட்டும் இருக்கிறது. ஸ்டோரி என்பது பேச வேண்டியதை நினைவூட்டும் ஒரு குறிப்பு மட்டுமே. தேவை உரையாடலில் உருவாகிறது, வேலை முடிந்தது என்று ஏற்க எவை நிறைவேற வேண்டும் என்று சொல்லும் ஏற்பு நிபந்தனைகளில் நிலைபெறுகிறது.

யார், என்ன, எதற்காக என்ற மூன்று பகுதி வடிவம் லண்டனின் கனெக்ஸ்ட்ரா நிறுவனத்திலிருந்து பரவியது. அதில் 'எதற்காக' என்பதுதான் உயிர்.

மோசமானது: "ஒரு பயனராக, நான் டோக்கன்களைப் பார்க்க விரும்புகிறேன்."

நல்லது: "ரிசப்ஷனிஸ்ட், ஒவ்வொரு டாக்டருக்கும் எத்தனை பேர் மீதி என்பதை ஒரே திரையில் பார்க்க வேண்டும். 'எவ்வளவு நேரம் ஆகும்' என்று கேட்பவருக்கு டாக்டர் அறை வாசல்வரை நடக்காமல் பதில் சொல்வதற்காக."

இரண்டாவதைப் படித்த டெவலப்பர் தானாகவே கேட்பார்: அப்படியானால் மீதி எண்ணிக்கையைவிட, தோராய நேரம் காட்டினால் நல்லது அல்லவா? அந்தக் கேள்வி பிறப்பதற்குத்தான் ஸ்டோரியை எழுதுகிறோம்.

2003இல் பில் வேக் தந்த இன்வெஸ்ட் என்ற சோதனைப் பட்டியலில் ஆறு குணங்கள்: தனித்து நிற்பது, பேசி மாற்றக்கூடியது, மதிப்பு தருவது, மதிப்பிடக்கூடியது, சிறியது, சோதிக்கக்கூடியது. அதிகம் தோற்பது 'சிறியது' என்பதில். ஒரு ஸ்டோரி இரண்டு மூன்று நாளில் முடியும் அளவுக்கு வெட்டுங்கள். டேட்டாபேஸ் ஒரு ஸ்டோரி, திரை ஒரு ஸ்டோரி என்று வெட்டினால் எதுவும் தனியாகப் பயன்படாது. விதிவாரியாக வெட்டலாம்: முதலில் சாதாரண டோக்கன், பிறகு ரிவ்யூ, பிறகு அவசர நோயாளி. வழிவாரியாகவும் வெட்டலாம்: முதலில் நேரில், பிறகு போனில்.

படி 6: எக்ஸாம்பிள் மேப்பிங்

வழிகாட்டி முழுவதிலும் ஒன்றை மட்டும் நாளைக்கே செய்துபார்க்க வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள். மேட் வின் உருவாக்கிய முறை. நான்கு நிற அட்டைகள், 25 நிமிடம். புராடக்ட் ஓனர், டெவலப்பர், டெஸ்டர் மூவரும் கட்டாயம். மஞ்சள் அட்டையில் ஸ்டோரி, நீலத்தில் விதி, பச்சையில் உதாரணம், சிவப்பில் பதில் தெரியாத கேள்வி.

மஞ்சள்: ரிவ்யூ நோயாளிக்குக் கட்டணம் இல்லாமல் டோக்கன்.

நீலம்: முதல் ஆலோசனையிலிருந்து 7 நாளுக்குள் வந்தால் கட்டணம் இல்லை.

எல்லோரும் தலையாட்டுவார்கள். கட்டாயம் உதாரணம் கேளுங்கள். அங்கேதான் விதி உடையும்.

பச்சை: 3ஆம் தேதி திங்கள் பார்த்தவர் 8ஆம் தேதி சனி வருகிறார். இலவசம். சிக்கலில்லை.

பச்சை: அதே நபர் 10ஆம் தேதி திங்கள் வருகிறார். பார்த்த நாளையும் சேர்த்து எண்ணினால் கெடு 9ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாளிலிருந்து எண்ணினால் 10 உள்ளே வரும். எது? புராடக்ட் ஓனர் ஒன்று சொல்ல, டெவலப்பர் வேறொன்றை நினைத்திருப்பார். இன்னொன்று, 9ஆம் தேதி ஞாயிறு, கிளினிக் விடுமுறை. கடைசி நாள் விடுமுறையானால் கெடு ஒருநாள் தள்ளுமா? சிவப்பு அட்டை.

பச்சை: காய்ச்சலுக்குப் பார்த்தவர் ஐந்தாம் நாள் தோல் அரிப்புக்கு அதே டாக்டரிடம் வருகிறார். ரிசப்ஷனிஸ்டிடம் கேட்டால் "அதை டாக்டர்கிட்ட கேட்டுப்போம்" என்பார். அதுவே ஒரு முடிவு: மென்பொருள் தானாகத் தீர்மானிக்கக் கூடாது, டாக்டர் மாற்றக்கூடிய ஒரு பொத்தான் வேண்டும். இது புதிய நீல அட்டை.

பச்சை: இலவசமாக ஒருமுறை வந்தவர் ஆறு நாள் கழித்து மறுபடி வருகிறார். கெடு முதல் வருகையிலிருந்தா, கடைசி வருகையிலிருந்தா? சிவப்பு.

பச்சை: ஒரே போன் எண்ணில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். மூத்த குழந்தைக்கு 4ஆம் தேதி கட்டணம் கட்டியது. இன்று இளைய குழந்தை வருகிறது. போன் எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணும் மென்பொருள் இளையவருக்கு இலவச டோக்கன் கொடுத்துவிடும். இந்த ஓர் அட்டை, நோயாளி அடையாளம் என்ற அடிப்படை வடிவமைப்பையே மாற்றுகிறது. புரோகிராம் எழுதிய பிறகு தெரிந்தால் வாரக்கணக்கில் வேலை, மேசையில் தெரிந்தால் ஒரு பச்சைத் தாள்.

25 நிமிட முடிவில் மேசையைப் பாருங்கள். சிவப்பு அதிகமென்றால் ஸ்டோரி ஸ்பிரிண்டுக்குத் தயாரில்லை. நீலம் அதிகமென்றால் ஸ்டோரி பெரிது, விதிக்கு ஒன்றாகப் பிரியுங்கள். ஒரு நீலத்தின் கீழே ஏகப்பட்ட பச்சை என்றால் அந்த விதிக்குள் வேறு விதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொரு சிவப்புக்கும் யார், எந்தத் தேதிக்குள் பதில் வாங்குவது என்று எழுதாமல் எழுந்திருக்காதீர்கள்.

படி 7: ஏற்பு நிபந்தனை

பச்சை அட்டைகளை டேன் நார்த் அறிமுகப்படுத்திய 'கிவன்–வென்–தென்' வடிவில் எழுதினால் சோதனையும் அதுவே ஆகிவிடும்:

சூழல்: நோயாளி 3ஆம் தேதி ₹300 கட்டிப் பொது மருத்துவரைப் பார்த்திருக்கிறார்.
செயல்: 8ஆம் தேதி அதே டாக்டருக்கு ரிவ்யூ டோக்கன் கேட்கிறார்.
விளைவு: கட்டணம் ₹0 என்று டோக்கன் அச்சாகிறது, அன்றைய கணக்கில் 'ரிவ்யூ' என்று பதிவாகிறது.

உண்மையான தேதி, உண்மையான தொகை எழுதுங்கள். "உரிய காலத்துக்குள்", "சரியான கட்டணம்", "வேகமாக" போன்ற சொற்கள் வந்தால் அங்கே யாரோ முடிவெடுக்காமல் விட்டிருக்கிறார்கள். "பட்டனை அழுத்தினால்", "டிராப்டவுனில் தேர்ந்தெடுத்தால்" என்றும் எழுத வேண்டாம். திரை மாறும், விதி மாறாது.

படி 8: யாரும் கேட்காத தேவைகள்

வேகம், பாதுகாப்பு, மின்வெட்டு, இணையம் போவது. இவற்றைப் பயனர் சொல்ல மாட்டார், இல்லையென்றால் மட்டும் திட்டுவார். நீங்கள்தான் கேட்க வேண்டும். "காலை 9 மணிக்கு நெட் போனால் டோக்கன் கொடுப்பது நிற்கலாமா?" என்றால் கூடாது என்றுதான் பதில் வரும். அப்படியானால் நெட் இல்லாமலும் எண் கொடுக்கும் வசதி முதல் வெளியீட்டிலேயே வந்துவிடுகிறது. நோயாளி விவரம் என்பதால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் ஒப்புதலும், விவரத்தை அழிக்கும் வழியும் ஸ்டோரிகளாகப் பேக்லாக்கில் இருக்க வேண்டும்.

எஸ்எம்எஸ் இதற்கு நல்ல பாடம். "நோயாளிக்குத் தமிழில் மெசேஜ் போகணும்" என்பது ஒரு வரித் தேவைபோலத் தெரியும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 குறிகள். தமிழ் யூனிகோடில் 70 மட்டும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். "உங்கள் டோக்கன் எண் 42. உங்களுக்கு முன் 5 பேர் உள்ளனர்." என்ற வரி மட்டுமே 54 குறிகள். டாக்டர் பெயரும் கிளினிக் பெயரும் சேர்ந்தால் 70ஐத் தாண்டும். தாண்டியதும் துண்டுக்கு 67 குறி என்று பிரிந்து, இரண்டு மெசேஜுக்கான காசு போகும். மேலும் இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ் அனுப்ப, நிறுவனம், அனுப்புநர் பெயர், வார்த்தை வடிவம் மூன்றையும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவான வடிவத்திலிருந்து வார்த்தை மாறினால் மெசேஜ் போகாது. அந்தப் பதிவு புரோகிராம் எழுதும் வேலையோடு சேர்ந்து முடியாது, முந்தைய ஸ்பிரிண்டிலேயே தொடங்க வேண்டும். இப்படித் தெரியாத தொழில்நுட்ப விஷயம் எதுவானாலும், ஒன்றிரண்டு நாள் வரம்போடு ஒரு ஸ்பைக் (சிறு ஆய்வு வேலை) வைத்துச் சோதித்துவிட்டு மதிப்பிடுங்கள்.

படி 9: முன்னுரிமையும் மதிப்பீடும்

தேவைகளை நான்காகப் பிரிக்கும் மாஸ்கோ (MoSCoW) முறையை 1994இல் டாய் கிளெக் வகுத்தார்: கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போது இல்லை. எல்லாவற்றையும் கட்டாயம் என்பார்கள். டிஎஸ்டிஎம் என்ற அஜைல் முறை சொல்வதுபோல, கட்டாயம் என்ற பிரிவு மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள். "இது இல்லாமல் திங்கள்கிழமை கிளினிக் திறக்க முடியுமா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டால் போதும். முடியும் என்றால் அது கட்டாயம் இல்லை.

மதிப்பீட்டுக்குப் பிளானிங் போக்கர்: வேலை எவ்வளவு பெரிது என்பதை ஆளுக்கு ஓர் எண் அட்டையாக ஒரே நேரத்தில் காட்டுவது. எண்ணைவிட வித்தியாசம் முக்கியம். ஒருவர் 2 காட்டி, இன்னொருவர் 13 காட்டினால் சராசரி எடுக்காதீர்கள். இருவரும் வெவ்வேறு மென்பொருளை மனத்தில் கட்டியிருக்கிறார்கள். இருவரையும் பேச வையுங்கள், விட்டுப்போன தேவை அங்கேயே கிடைக்கும்.

படி 10: ரிஃபைன்மென்ட், ரிவ்யூ, மாற்றம்

இரண்டு வார ஸ்பிரிண்டில் வாரம் ஒரு மணி நேரம் ரிஃபைன்மென்டுக்கு, அதாவது வரப்போகும் ஸ்டோரிகளைப் பேசித் தெளிவாக்குவதற்கு, ஒதுக்குங்கள். அடுத்த இரண்டு ஸ்பிரிண்டுக்குப் போதுமான ஸ்டோரிகள் மட்டும் நுணுக்கமாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு முன்கூட்டியே எழுதிய ஏற்பு நிபந்தனைகளில் பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும்.

ஸ்பிரிண்ட் முடிவில், செய்ததைக் காட்டும் ஸ்பிரிண்ட் ரிவ்யூவில் டெவலப்பர் மவுஸைப் பிடிக்கக் கூடாது. ரிசப்ஷனிஸ்டிடம் கொடுத்து, "ஒரு ரிவ்யூ டோக்கன் போடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எதைத் தேடுகிறார் என்பதெல்லாம் அடுத்த ஸ்டோரிகள். வெளியீட்டுக்குப் பின் மூன்றாவது வாரம் காத்திருப்பு நேரத்தை அதே முறையில், அதே கிழமைகளில் மறுபடி அளங்கள். முதல் வாரத்தில் அளந்தால் பழகாத கைகளின் வேகம்தான் தெரியும்.

ஸ்பிரிண்ட் நடுவில் மாற்றம் வந்தால், அது ஸ்பிரிண்ட் இலக்கையே அர்த்தமில்லாமல் ஆக்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆக்கினால் புராடக்ட் ஓனருடன் பேசி, அதே அளவு வேலையை வெளியே எடுத்துவிட்டு உள்ளே விடுங்கள். இல்லையென்றால் பேக்லாக்கில் சேர்த்து, அடுத்த திட்டமிடலில் எடுங்கள். உரிமையாளர் நேரடியாக டெவலப்பருக்கு வாட்ஸ்அப் அனுப்பும் வழியை அன்பாக, ஆனால் உறுதியாக மூடுங்கள். அப்படி வந்த தேவைக்கு உதாரணமும் இருக்காது, சோதனையும் இருக்காது.

பேசித் தீர்த்த ஒவ்வொரு சிவப்பு அட்டைக்கும் முடிவுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, கேள்வி, முடிவு, யார் சொன்னது, காரணம். "ரிவ்யூ கெடு மறுநாளிலிருந்து எண்ணப்படும், கடைசி நாள் விடுமுறையானால் அடுத்த வேலை நாள், உரிமையாளர் முடிவு, ஞாயிறு திரும்பிப் போனவர்கள் திங்கள் தகராறு செய்ததால்." அந்தக் காரணத்தை விடாமல் எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து ஞாயிற்றுக்கிழமையும் கிளினிக் திறக்கும்போது, எந்த விதியைத் தைரியமாக நீக்கலாம் என்பதைப் புதிதாக வந்த டெவலப்பர் அந்தக் காரணத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.